வருடக்கணக்கில் நின்ற விசைப்படகு இன்ஜின்: கிளப்பும் செல்ஃப் மோட்டாரைத் தொடுவதற்கு முன் நான்கு துறைமுகத்தார் சொல்வது

காசிமேடு, டீசல் மெக்கானிக்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டைக் கிளப்புவதும், ஒன்றிரண்டு வருடம் கேட்பாரற்று நின்ற போட்டைக் கிளப்புவதும் ஒன்றல்ல. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்தான் தடை. இடையில் இரண்டு மூன்று தடவை ஓட்டி வைத்திருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு மழைக்காலத்தைத் தாண்டி நின்ற இன்ஜின் என்றால், சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் வேலையில் இறங்க வேண்டும். புகைக்குழாய் மேல்நோக்கி நிற்கிறது. வாயில் மூடி இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகை மழை நேராக மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகை சேரும் குழாயில்) இறங்கும். எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வ் திறந்தபடி நின்றதோ அங்கே போய்த் தங்கும்.

கொள்ளளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டர் ஒரு லிட்டர், கம்ப்ரஷன் (அழுத்த விகிதம்) 17:1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் சுமார் 60 மில்லி. தண்ணீர் நசுங்காது. ஒரு டீ கிளாஸ் தண்ணீர் உள்ளே இருந்து செல்ஃப் சுற்றினால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். மோசமான விஷயம் என்னவென்றால், ராடு வளைந்த பிறகும் இன்ஜின் ஓடும். ஒரு சிலிண்டர் கொஞ்சம் பலவீனமாக அடிக்கும், அவ்வளவுதான். பிறகு நடுக்கடலில் முழு லோடில் ராடு ஒடிந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

அதனால் முதல் வேலை பேட்டரி கேபிளைக் கழற்றி வைப்பது. பிறகு சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் நாசில்களைக் கழற்றுங்கள். கழற்றிய பிரஷர் பைப்புகளின் வாயைச் சுத்தமான பிளாஸ்டிக் மூடியால் அடைத்துவிடுங்கள். நாசில் வர மறுத்தால் சுற்றிலும் துரு விடுவிக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் சிலிண்டர் ஹெட்டில் நாசில் உட்காரும் இடம் கெட்டுப்போகும். நாசில் வந்ததும் டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். பழைய செம்பு வாஷர் கரி படிந்து கறுப்பாக அடியிலேயே ஒட்டியிருக்கும், ஹெட்டின் பகுதி என்றே தோன்றும். நுனி வளைத்த கம்பியால் சுரண்டினால் செம்பு மின்னும். அதை எடுக்காமல் புது வாஷர் போட்டால் இரண்டு வாஷர் ஆகிவிடும். நாசில் முனை உயர்ந்து நின்று, தெளிப்பு கோணம் மாறி, கம்ப்ரஷனும் கசியும்.

சிலிண்டருக்கு 10 முதல் 15 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு ஒரு இரவு ஊற விடுங்கள். பிஸ்டன் ரிங் இறுகியிருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் டீசலும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் சரிபாதி கலந்து விடலாம். காலையில் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டி, ஓடும் திசையில் கையால் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று. ஆறு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றில் மூன்று சிலிண்டர்தான் கம்ப்ரஷனுக்கு வரும். ஒரு சுற்றோடு விட்டால் மற்ற மூன்றைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். நாசில் இல்லாத இன்ஜின் எங்கும் தடுக்காமல் சுற்ற வேண்டும். தடுத்தால் பைப் மாட்டி நீட்டி அழுத்த வேண்டாம். பின்னால் கொஞ்சம் திருப்பி, மறுபடி எண்ணெய் விட்டு, பொறுமையாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். வால்வுகளின் மேலுள்ள ராக்கர் மூடியைத் திறந்து வைத்துச் சுற்றினால், இறங்கிய வால்வ் திரும்ப ஏறாமல் ஒட்டி நிற்பதும் கண்ணில் படும். அதைக் கவனிக்காமல் விட்டால் வால்வைத் தள்ளும் புஷ் ராடு வளையும்.

தூத்துக்குடி, போட் டிரைவர்

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. அதே அளவுக்கு ஆளைக் கொல்லக்கூடிய இன்னொன்று, டீசல் பம்பின் ராக், அதாவது டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு, இறுகிப்போவது. லைன் பம்ப் (சிலிண்டர்களுக்கான பம்புகள் ஒரே வரிசையில்) உள்ள பழைய இன்ஜின்களில், நின்ற நிலையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ராக்கை அதிக டீசல் பக்கம்தான் தள்ளி வைத்திருக்கும், கிளப்புவதற்காக. வருடக்கணக்கில் நின்றால் பழைய டீசல் உள்ளே பிசின் மாதிரி காய்ந்து ராக் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் பிடித்த அடுத்த விநாடி வேகம் ஏறும். ஆக்சிலேட்டரைக் குறைத்தாலும் இறங்காது, ஸ்டாப் லிவரை இழுத்தாலும் நிற்காது.

கிளப்புவதற்கு முன்னால் ஸ்டாப் லிவரைக் கையால் இழுத்து விட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் இழுப்பில் தானாகத் திரும்ப வேண்டும், வழியில் தங்கக் கூடாது. பக்கவாட்டு மூடி உள்ள பம்ப் என்றால் அதைத் திறந்து, ராக் நகர்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். இறுகியிருந்தால் சுத்தமான டீசலும் லேசான எண்ணெயும் விட்டு ஊறவைத்து விரலால் தள்ளிப் பழக்குங்கள். சுத்தியல் வேண்டாம். அசையவில்லையா, பம்பைக் கழற்றி பம்ப் கடைக்கு அனுப்புங்கள். செலவு ஆகும், ஆனால் இதில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் முதல் தடவை கிளப்பும்போது ஏர் கிளீனரைக் கழற்றி வையுங்கள். காற்று போகும் வாயை விடப் பெரிய பிளைவுட் துண்டு ஒன்றோடு ஒரு ஆள் பக்கத்தில் நிற்கட்டும். வேகம் தானாக ஏறினால் வாயை அடைப்பதுதான் வழி. டீசல் வால்வை மூடினாலும் ஃபில்டரிலும் பம்பிலும் இருக்கிற டீசலில் இன்னும் ஓடும். சிலிண்டரில் விட்ட எண்ணெயையே எரித்தும் ஓடும். கையாலோ துணியாலோ அடைக்காதீர்கள், காற்றை உறிஞ்சித் தள்ளும் டர்போ இருந்தால் உள்ளே இழுத்துவிடும். பிடிக்கவில்லை என்று பெட்ரோல் நனைத்த துணியைக் காற்று வாயில் காட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவி நேரம் தவறி வெடித்து ரிங்கையும் பிஸ்டனையும் உடைக்கும். இன்ஜின் ரூமே தீப்பிடிக்கவும் அது போதும்.

நாகப்பட்டினம்

இன்ஜினைப் பார்க்கும் முன், உள்ளே இறங்குகிற ஆளைப் பார்ப்போம். மூடிக்கிடந்த போட்டின் பில்ஜில் (அடித்தளக் குழியில்) மீன் கழிவுத் தண்ணீர் அழுகியிருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த வாயு அளவு மீறினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்கினால் மயக்கம்தான். சமையல் சிலிண்டர் கசிந்திருந்தால் அந்த கேஸும் காற்றை விடக் கனம், கீழேதான் தேங்கும். எல்லா மூடியையும் திறந்து மேலிருந்து காற்று ஊதவிட்டு, பிறகே இறங்க வேண்டும். மேல்தளத்தில் ஒரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். காற்று மாறும்வரை பேட்டரி இணைப்பு வேண்டாம்.

டீசலுக்கு வருகிறேன். டேங்கின் அடி வடிகாலைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். முதலில் தண்ணீர் வரும், தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் கறுப்பாகச் சளி மாதிரி மிதந்தால் கிருமி வளர்ந்திருக்கிறது. புது டீசலை அதன்மேல் ஊற்றிப் பயனில்லை. டேங்கைக் காலி செய்து, கை விடும் மூடியைத் திறந்து துடைத்தெடுங்கள். ஃபில்டர் இரண்டையும் மாற்றி, டீசல் பைப்பில் உள்ள ஏரை வெளியேற்றும்போது வரிசை முக்கியம்: முதல் ஃபில்டர், இரண்டாவது ஃபில்டர், பம்ப், கடைசியாக நாசில் முனையில் உள்ள பைப் நட்டுகள். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் முறுக்கலாம். தெளிக்கும் டீசலில் விரல் வைக்காதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி ஆனால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குளச்சல்

எங்கள் பக்கம் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தென்மேற்குப் பருவமழையில் மூடிக் கிடக்கும் போட் என்பதால் கூலிங் பக்கம்தான் தொந்தரவு அதிகம். கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்) ஒரே நிலையில் மடங்கிக் கிடந்து, இதழ் அப்படியே வளைந்து நின்றுவிடும். அதை வைத்துச் சமாளிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். பழையதில் இதழ் குறைந்திருந்தால், குறைந்த துண்டுகள் இன்ஜின் தண்ணீரைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் அடைத்துக்கொண்டிருக்கும். எண்ணி எடுங்கள். புதியதைச் சோப்புத் தண்ணீர் தடவிப் போடுங்கள்.

கடல்நீர் வால்வ் இறுகியிருந்தால் தண்ணீரில் நிற்கும் போட்டில் அடித்துத் திறக்காதீர்கள். உப்பில் அரித்த வால்வ் உடைந்தால் போட் மூழ்கும். அளவான மரக்கட்டை ஆப்பு ஒன்றை வால்வ் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டை பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். புகை கடல்நீரோடு சேர்ந்து வெளியேறும் அமைப்பு உள்ள போட்டில் இன்ஜின் பிடிக்கும்வரை கடல்நீர் வால்வை மூடியே வையுங்கள். நீண்ட நேரம் செல்ஃப் சுற்றினால் சைலென்சர் நிரம்பி, தண்ணீர் பின்வழியாக சிலிண்டருக்கே வந்துவிடும். இன்ஜின் பிடித்த உடனே திறக்க வேண்டும், இல்லையென்றால் புது இம்பெல்லர் கருகிவிடும்.

ஆயில் விஷயத்தில் என் கருத்து: பழைய ஆயிலில் ஓட்டிச் சூடாக்கிவிட்டு மாற்றலாம் என்பதை நான் ஏற்கவில்லை. வடிகால் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள், தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். சந்தேகமாக இருந்தால் சூடான தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள், தண்ணீர் கலந்த ஆயில் படபடவென்று பொரியும். டிப் ஸ்டிக்கில் அளவு கூடியிருந்தாலும் எச்சரிக்கைதான். விலை குறைந்த ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு 20 நிமிடம் ஓட்டுங்கள், இறக்குங்கள், பிறகு நல்ல ஆயில் ஊற்றுங்கள்.

காசிமேடு, டீசல் மெக்கானிக்

குளச்சல் தம்பி சொன்னது சரி. கிளப்பும் கட்டத்தை மட்டும் சேர்க்கிறேன்.

பேட்டரி ஒவ்வொன்றும் ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், ஆசிட் அடர்த்தி 1.26க்கு மேல். நாசில்களை மாட்டுவதற்கு முன் குழிகளின் மேல் துணி போர்த்தி, விலகி நின்று 5 விநாடி செல்ஃப் அடியுங்கள். மிச்ச எண்ணெயும் தண்ணீரும் வெளியே தெறிக்கும். மாட்டிய பின் ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்தபடி 10 விநாடி சுற்றி, 2 நிமிடம் விட்டு, மறுபடி சுற்றுங்கள். ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை லிவரை விடாதீர்கள். டர்போ இருந்தால் அதன் ஆயில் பைப்பைக் கழற்றிக் கொஞ்சம் ஆயில் விட்டுவிடுங்கள்.

கியர் நியூட்ரலில் இருக்க, ஐடிலில் கிளப்புங்கள். 10 விநாடிக்குள் ஆயில் பிரஷரும் அரை நிமிடத்துக்குள் கடல்நீரும் வர வேண்டும். இரண்டில் ஒன்று வராவிட்டாலும் நிறுத்துங்கள். வெள்ளைப்புகை சூடேற ஏறக் குறையும். குறையாமல் இருந்து, கூலன்ட் அளவும் இறங்கினால் ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள். 5 நிமிடத்தில் அணைத்து டிப் ஸ்டிக்கை எடுங்கள். பால் கலந்த நிறம் என்றால் அதோடு நிறுத்தி ஆயில் கூலரைக் கழற்றுங்கள்.

கியர் போடும் முன் ஒரு ஆள் மூழ்கிப் பார்க்க வேண்டும். ப்ரொப்பல்லரில் சிப்பியும் வலைக்கயிறும் இல்லாமலிருக்க வேண்டும், அவர் மேலேறும்வரை செல்ஃப் பக்கம் யாரும் போகக் கூடாது. ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் கிளாண்டு பேக்கிங் காய்ந்திருக்கும். நட்டைத் தளர்த்தி, கிரீஸ் கொடுத்து, ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு கசியும்படி விடுங்கள். கை வைத்தால் சுடுகிறது என்றால் இறுக்கம் அதிகம்.