கீசருக்கு டைமர் போதுமா, டைவர்ட்டர் வேண்டுமா?

வெயிலான்: "பகல் 11 மணிக்கு டைமர் வைத்தால் உபரி சோலார் மின்சாரம் முழுக்கக் கீசருக்குப் போய்விடும், டைவர்ட்டர் (உபரி எவ்வளவோ அவ்வளவை மட்டும் கீசருக்குத் திருப்பும் கருவி) தண்டச் செலவு" என்று ஒருவர் எழுத, ஆளாளுக்கு ஆமாம் போடுகிறீர்கள். உபரி 800 வாட் இருக்கும்போது 2000 வாட் எலிமென்ட் ஆன் ஆனால், மீதி 1200 வாட் எங்கிருந்து வருகிறது? கிரிட்டிலிருந்து, அதாவது மின்வாரிய லைனிலிருந்துதானே?

சுடுதண்ணி: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே எழுதலாம். 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 4.1 யூனிட் ஆகும். அதாவது 2000 வாட்டில் இரண்டு மணி நேரம். 5 கிலோவாட் பேனலில் நல்ல வெயிலில் அது தாராளமாக மிஞ்சும்.

வெயிலான்: நல்ல வெயிலில் மிஞ்சும். நான் கேட்டது மேகம் வந்து 800 வாட் ஆகும் நேரத்தை.

நடுவான்: உபரி என்று எதைச் சொல்கிறீர்கள்? அந்த நொடியில் மிஞ்சுவதையா, மாதக் கணக்கில் மிஞ்சுவதையா? கிரிட்டுக்குப் போகும் ஏற்றுமதியையும் அங்கிருந்து வரும் இறக்குமதியையும் ஒரே விலையில் கழிக்கும் நெட் மீட்டர் என்றால் எந்த நேரத்தில் சுட வைத்தாலும் பில் ஒன்றுதானே?

சுடுதண்ணி: 2000 அதிகமென்றால் 1000 வாட் எலிமென்ட் மாட்டுங்கள். நான்கு மணி நேரம் ஓடட்டும்.

வெயிலான்: அப்போதும் 800 இருக்கையில் 200 வாங்குகிறீர்கள், 1800 இருக்கையில் 800ஐ வெளியே விடுகிறீர்கள். டைவர்ட்டர் என்றால் மெயின் வயரில் மின்னோட்டத்தை அளக்க ஒரு சிடி கிளாம்ப், கீசர் லைனில் வேகமாக ஆன் ஆஃப் செய்ய ஒரு எஸ்எஸ்ஆர் (எலக்ட்ரானிக் சுவிட்ச்). 2000 வாட் எலிமென்டுக்கு ஏசியின் 100 சைக்கிளில் 40ஐ மட்டும் விட்டால் சராசரி சரியாக 800 வாட்.

மின்கம்பி: அந்த 40 சைக்கிளிலும் இழுப்பது 2000 வாட்தான். இரண்டு நொடிக்குள் வரவையும் போக்கையும் கழித்துக்கொள்ளும் மீட்டரில் சரி, இறக்குமதியை உடனுக்குடன் தனியாக எண்ணும் மீட்டரில்? கீசர் விட்டுவிட்டு இழுப்பதால் விளக்கு மினுக்குவதைப் பற்றியும் பேச்சே இல்லை.

வெயிலான்: மினுக்கினால் ஒவ்வொரு அரை சைக்கிளிலும் ஒரு பகுதியை மட்டும் விடும் பேஸ் ஆங்கிள் முறைக்குப் போங்கள், அதனால் அலை சிதைந்து வரும் ஹார்மோனிக்ஸுக்கு பில்டர் வையுங்கள். 2000 வாட்டுக்கான 8.7 ஆம்பியரில், சுவிட்ச் வேலை செய்யும் ட்ரையாக் சுமார் 10 வாட் சூடாகும், ஹீட் சிங்க் இல்லாமல் மூடிய பெட்டிக்குள் வைக்கக் கூடாது. பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும், அப்போது முழு 2000 வாட்டும் நிற்காமல் ஓடும். அதனால் கீசரின் தெர்மோஸ்டாட்டையும், சூடு மீறினால் துண்டிக்கும் கட்அவுட்டையும் எக்காரணத்துக்கும் பைபாஸ் செய்யாதீர்கள்.

சுடுதண்ணி: எரிந்துபோகும் சாமான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். டைமரில் அந்தத் தொல்லை இல்லை.

புதுமுகம்: பேனலின் டிசியை நேராக எலிமென்டுக்குக் கொடுத்தால் என்ன?

வெயிலான்: வேண்டவே வேண்டாம் தம்பி. தெர்மோஸ்டாட் கான்டாக்ட் ஏசிக்குச் செய்தது. 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி அணைந்துவிடும். டிசியில் அணையாது, கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும்.

சுடுதண்ணி: பேட்டரி பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், எல்லோருக்கும் பாடம் எடுத்தீர்கள். சிடி கிளாம்பைத் திருப்பி மாட்டினால் இறக்குமதியை ஏற்றுமதி என்று எண்ணி ராத்திரி முழுக்கக் கீசர் ஓடுமே, அதை ஏன் மறைத்தீர்கள்?

வெயிலான்: மறைக்க ஒன்றுமில்லை. இருட்டிய பிறகு அயர்ன் பாக்ஸைப் போட்டுப் பாருங்கள். இறக்குமதி ஏற வேண்டும். ஏற்றுமதி என்று காட்டினால் கிளாம்பைத் திருப்புங்கள். இப்போது சொல்லுங்கள், அந்த 1200 வாட் எங்கிருந்து வருகிறது?

மின்கம்பி: முதலில் என் மீட்டர் கேள்விக்குப் பதில் வரட்டும்.