குளம்பின் அடியில் கறுப்புக் கசிவு, தாங்க முடியாத நாற்றம்: மூன்று வாரமாக வினிகர், பெராக்சைடு, எண்ணெய் எல்லாம் போட்டாயிற்று

நாலுகால்:
வணக்கம். என்னிடம் ஒன்பது வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறது. மூன்று வாரமாகப் பின்னங்கால் இரண்டிலும் குளம்பின் அடியில் கறுப்பாக, பசை மாதிரி ஏதோ கசிகிறது. நாற்றம் என்றால் சாதாரண நாற்றம் இல்லை. சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினாலும் சாப்பிட உட்காரும்போது மூக்கில் ஏறுகிறது.

இது த்ரஷ், அதாவது குளம்பின் அடி கிருமியால் அழுகும் வியாதி என்று தெரியும். வீட்டு வைத்தியமே போதும் என்று பலரும் சொன்னதால் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். முதல் வாரம் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, தினம் இரண்டு வேளை, வேளைக்கு இருபது நிமிடம் குளம்பை வாளியில் ஊற வைத்தேன். இரண்டாவது வாரம் ஹைட்ரஜன் பெராக்சைடு. ஊற்றியதும் புஸ்ஸென்று நுரை பொங்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும், மறுநாள் பழைய கதைதான். மூன்றாவது வாரம் டீ ட்ரீ எண்ணெயை வேறொரு எண்ணெயில் கலந்து தடவி, அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டேன். இப்போது நாற்றம் இன்னும் கூடிவிட்டது போலத் தோன்றுகிறது. அடுத்து எதைப் போடுவது?

லாயத்துப்பூனை:
வினிகரைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றிப் பாருங்கள். எனக்குக் கேட்டது.

கடிவாளம்:
எங்கள் வீட்டில் பெரியவர்கள் டர்பன்டைனைப் பஞ்சில் நனைத்து வைப்பார்கள். துணி வெளுக்கும் ப்ளீச் ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நாலே நாளில் காய்ந்துவிடும்.

பழையசேணம்:
காய்ந்துவிடும் தம்பி, மறுக்கவில்லை. எரிந்து போனதும் காய்ந்துதான் இருக்கும். டர்பன்டைனும் ப்ளீச்சும் கிருமியோடு சேர்த்து, கீழே புதிதாக வளர்ந்து வரும் சதையையும் சுட்டுவிடும். அந்தச் செத்த சதைதான் கிருமிக்கு அடுத்த வேளைச் சாப்பாடு. நானும் இளவயதில் செய்தவன்தான், அதனால் சொல்கிறேன்.

நாலுகால், எதைப் போடுவது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் சில கேள்விகள். அடிக்குளம்பின் நடுவில் முக்கோணமாக ரப்பர் போல இருக்கிறதே, ஃபிராக், அதன் நடுப்பள்ளம் எவ்வளவு ஆழம்? விரல் நுனி படுகிற மேலோட்டமான குழியா, அல்லது பின்பக்கம் குதிகால் இரண்டாகப் பிளந்தது போலக் கோடு விழுந்திருக்கிறதா? அங்கே தொட்டால் காலை இழுத்துக்கொள்கிறாளா? கடைசியாகக் குளம்பு சீவியது எப்போது? இரவில் எதன் மேல் நிற்கிறாள்? டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாகிறது?

நாலுகால்:
ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் சரியாகப் பார்த்தேன். வலது பின்னங்காலில் கோடு நன்றாகவே விழுந்திருக்கிறது. பஞ்சுக் குச்சி ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே போனது, போனதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இடது காலில் அவ்வளவு இல்லை. குளம்பு சீவிப் பதினோரு வாரம் ஆகிறது, சீவுபவர் ஊரில் இல்லை. படுக்கை வைக்கோல்தான், வாரம் ஒருமுறை முழுதாக மாற்றுகிறேன், நடுவில் ஈரமான இடத்தின் மேல் புதிதாகப் போட்டு மூடிவிடுவேன். டெட்டனஸ் போன வருடம் போட்டது, தேதி பார்க்க வேண்டும்.

குளம்பொலி:
விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்: 'ஈரமான இடத்தின் மேல் போட்டு மூடிவிடுவேன்.'

நான் பதினைந்து வருடமாகக் குளம்பு சீவுகிறேன். த்ரஷ் கிருமிகள் காற்றுப் படாத இடத்தில் செழிப்பவை. அவற்றுக்கு வேண்டியது மூன்றே விஷயம்: ஈரம், அழுக்கு, மூடிய பள்ளம். நீங்கள் இந்த மூன்று வாரமாக என்ன செய்தீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தினம் நாற்பது நிமிடம் ஊற வைத்து குளம்பை மெத்தென்று ஆக்கினீர்கள். அப்புறம் பெராக்சைடு. அது பொங்குவதைப் பார்த்தால் வேலை செய்வது போல இருக்கும், ஆனால் அது அழுகின சதையிலும் பொங்கும், நல்ல சதையிலும் பொங்கும். திரும்பத் திரும்பப் போட்டால் ஆற வரும் சதையும் சேர்ந்து சாகும். கடைசியாக எண்ணெய் ஊற்றிப் பள்ளத்தை மூடி, காற்றையும் நிறுத்திவிட்டீர்கள். வினிகர் மேல் தப்பில்லை. சுத்தம் செய்யாத, காயாத பள்ளத்தில் எதை ஊற்றினாலும் இதுதான் நடக்கும்.

லாயத்துப்பூனை:
அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் கேட்டது?

குளம்பொலி:
உங்கள் குதிரைக்கு மேலோட்டமாக இருந்திருக்கும். அதற்குத் தினமும் சுரண்டிச் சுத்தம் செய்து காய்ந்த தரையில் நிறுத்தினாலே பாதி சரியாகிவிடும், பேர் வினிகருக்குப் போய்விடும். ஒன்றரை சென்டிமீட்டர் பிளவுக்கு அது போதாது. மருந்து அடிவரை இறங்கி, அங்கேயே தங்க வேண்டும்.

நான் செய்யச் சொல்வது இது. கொக்கியால் மண்ணையும் சாணத்தையும் எடுங்கள், பிளவுக்குள் மட்டும் கொக்கி போகக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, 9 கிராம் உப்புப் போட்டு, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துப் பிளவுக்குள் பீய்ச்சுங்கள், கறுப்பு வருவது நிற்கும் வரை. பிறகு காஸ் துணியை நாடாவாக வெட்டிப் பிளவுக்குள் மெதுவாக முன்னும் பின்னும் இழுத்து ஈரத்தை எடுங்கள். இதற்குப் பொறுமை வேண்டும், துணி சுத்தமாக வரும்வரை புது நாடா, புது நாடா. எல்லாரும் தவிர்க்கிற வேலை இதுதான்.

காய்ந்த பிறகுதான் மருந்து. வெள்ளைச் சர்க்கரையில் 10 சதவீதப் போவிடோன் அயோடினைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தேன் பதத்துக்குக் குழையுங்கள். அயோடின் கிருமியைக் கொல்லும், சர்க்கரை அந்த இடத்து நீரை உறிஞ்சும், கலவை வழியாமல் நிற்கும். சின்னப் பஞ்சில் தடவிப் பிளவுக்குள் வையுங்கள். திணிக்கக் கூடாது, வைத்தால் போதும். தினமும் எடுத்துப் புதிது வையுங்கள். பழைய பஞ்சை உள்ளே மறந்துவிட்டால் அதுவே அடுத்த வியாதி.

தொங்குகிற செத்த ஃபிராக் துண்டுகளை நீங்களே கத்தி எடுத்து வெட்ட வேண்டாம். சீவுபவர் வந்ததும் அதைத் திறந்துவிட்டால் காற்றுப் போகும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவுவது வழக்கம். பதினோரு வாரம் விட்டால் குதிகால் நீண்டு, பிளவு இன்னும் ஆழமாகும்.

பழையசேணம்:
படுக்கையைப் பற்றி நான் சொல்கிறேன். காலையில் ஈரத்தை முழுக்க வாரி எடுத்துத் தரையைக் காயவிடுங்கள். அவள் வெளியே நிற்கிற நேரத்தில் லாயம் திறந்தே கிடக்கட்டும். உள்ளே குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கண் எரிந்தால் அவள் குளம்பும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அப்புறம் நடக்க விடுங்கள். நடை இல்லாத குளம்பு ஆறாது.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டும் என்பதும் முக்கியம். குளம்பு சூடாக இருந்தால், கணுக்காலுக்கு மேல் வீக்கம் ஏறினால், காலை ஊன்றவே மறுத்தால், பிளவில் ரத்தம் வந்தால், பூக்கோசு மாதிரி சதை வளர்ந்தால் அன்றே கால்நடை மருத்துவர். அந்தச் சதை வளர்ச்சிக்குப் பெயர் கான்கர், அது த்ரஷ் இல்லை, சர்க்கரைக் கலவைக்கு அடங்காது. டெட்டனஸ் தேதியை இன்றே பாருங்கள். மற்ற வீட்டு மிருகங்களைவிடக் குதிரைக்கு அது சீக்கிரம் வரும், வந்தால் பிழைப்பது கடினம்.

வால்முடி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், வீட்டு வைத்தியம் என்றதால் கேட்கிறேன். என் குதிரை வாலின் அடிப்பகுதியைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து முடி எல்லாம் போய்விட்டது. எண்ணெய் தடவினால் போதுமா? பூண்டு கொடுத்தால் ஈ, கொசு அண்டாது என்கிறார்கள், தினம் ஒரு கைப்பிடி கொடுக்கிறேன்.

பழையசேணம்:
பூண்டை இன்றோடு நிறுத்துங்கள் தாயே. பூண்டு, வெங்காயம் இரண்டும் அளவு கூடினால் குதிரையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையில் கொண்டுபோய் விடும். ஈக்கு அது ஒன்றும் பெரிய தடையும் இல்லை.

குளம்பொலி:
வால் தேய்ப்பதற்குக் காரணம் தெரியாமல் எண்ணெய் தடவாதீர்கள். வாலின் அடியில் ஆசனவாயைச் சுற்றி மஞ்சளாக, பசையாகப் படிந்திருந்தால் ஊசிப்புழுவாக இருக்கலாம். பெண் புழு வெளியே வந்து அங்கேதான் முட்டையிடும், அந்த அரிப்புதான். காலையில் கழுவுவதற்கு முன் ஒளி ஊடுருவும் ஒட்டு நாடாவை அங்கே அழுத்தி எடுத்து மருத்துவரிடம் கொடுங்கள், முட்டை இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்.

பிடரியிலும் அரிப்பு இருந்து, கொசு காலத்தில் மட்டும் வருகிறது என்றால் அது சின்னஞ்சிறு கடிக்கொசுவின் எச்சிலுக்கு வரும் ஒவ்வாமை. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் அவை அதிகம். அந்த நேரங்களில் உள்ளே கட்டுங்கள், ஒரு மின்விசிறி போடுங்கள். அவற்றுக்குப் பறக்கும் பலம் குறைவு, காற்றை எதிர்த்து வரமுடியாது. நான் பார்த்த வீட்டு வைத்தியங்களிலேயே இந்த மின்விசிறிக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். பெட்டைக் குதிரை என்றால் மடியின் நடுவில் அழுக்குச் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அதற்கும் வாலைத் தேய்க்கும்.

கடிவாளம்:
என் டர்பன்டைன் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வயிற்றுவலிக்குப் பாட்டிலில் எண்ணெய் ஊற்றிக் குடிக்க வைப்பது நல்லதுதானே? அதையாவது விட்டுவிடுங்கள்.

பழையசேணம்:
அதைத்தான் முதலில் விட வேண்டும். தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் எண்ணெய் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். எண்ணெய் காரமில்லாததால் இருமல்கூடச் சரியாக வராது, பிறகு நிமோனியா. மருத்துவர் எண்ணெய் கொடுத்தால் மூக்கு வழியாக வயிறு வரை குழாய் இறக்கிக் கொடுப்பார். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, ஞாபகம் இருக்கட்டும். உள்ளே போனது திரும்பி வராது.

வயிற்றுவலி என்று சந்தேகம் வந்தால் தீனியை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை தாடைக்குக் கீழே நாடி பிடித்து எண்ணுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை சாதாரணம். 60-ஐத் தாண்டினால் போனில் அந்த எண்ணைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கடைசியாக எப்போது சாணம் போட்டது என்பதையும் சொல்லுங்கள்.

நாலுகால்:
ஐந்து நாள் ஆயிற்று. முதல் நாள் நாடா இழுக்க முக்கால் மணி நேரம் ஆனது, அவள் இரண்டு முறை என் தொப்பியைக் கவ்வி எறிந்தாள். பதினான்கு நாடா கறுப்பாகவே வந்தது, பதினைந்தாவது வெளுப்பாக வந்தது. நேற்று நான்கே நாடா. சர்க்கரைக் கலவை கையில் பட்டால் மஞ்சள் போகமாட்டேன் என்கிறது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

டெட்டனஸ் தேதி கடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மருத்துவர் வந்து போட்டுவிட்டுப் பிளவையும் பார்த்தார், கான்கர் இல்லை என்றார். ஒரு சந்தேகம்: இடது காலுக்கும் பஞ்சு வைக்க வேண்டுமா?

குளம்பொலி:
பள்ளம் மேலோட்டமாக இருந்தால் வேண்டாம். சுத்தம் செய்து, காயவைத்து, பிரஷ்ஷால் கலவையைத் தடவி விடுங்கள். பிளவு இல்லாத இடத்தில் பஞ்சை வைத்தால் நீங்களே பிளவை உண்டாக்குவீர்கள்.

நாலுகால்:
நான்கு வாரம். சீவுபவர் வந்து தொங்கல்களை எடுத்துவிட்டார். வலது பிளவில் பஞ்சுக் குச்சி இப்போது அரை சென்டிமீட்டர்தான் போகிறது, காலை இழுப்பதில்லை. நடையிலும் ஒன்று கவனித்தேன்: இத்தனை நாளாகப் பின்னங்காலை நுனி முதலில் ஊன்றி நடந்திருக்கிறாள், எனக்கு அது அவள் நடை என்றே பழகிவிட்டது. இப்போது குதிகால் முதலில் படுகிறது. வீடியோ எடுத்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

படுக்கையை மரச்சீவலாக மாற்றிவிட்டேன். பெராக்சைடு பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது, குளியலறைத் தரைக்கு வைத்துக்கொள்கிறேன்.

வால்முடி:
ஒட்டு நாடாவில் முட்டை இருந்ததாம். பூச்சி மருந்து கொடுத்திருக்கிறார்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி நாடா வைத்துக் காட்டச் சொன்னார்கள். மின்விசிறியும் வாங்கிவிட்டேன். அது அவசியமில்லை என்று இப்போது தெரிகிறது, ஆனால் அவன் அதன் முன்னால்தான் போய் நிற்கிறான், எடுக்க மனம் வரவில்லை.