ஸ்டிக்கர் கொடுத்தால் குழந்தை வாசிக்குமா?

காகிதக்கப்பல்:
எட்டுக்கால் நேற்று போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஒரு புத்தகம் முடித்தால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கராம், பத்து சேர்ந்தால் பொம்மையாம். அதுவும் நாலு வயசுக் குழந்தைக்கு! கதை கேட்பதே அதுக்குச் சந்தோஷம்தானே, அதுக்கு மேல கூலி எதுக்கு? 1973-லேயே லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மார்க்கர் பேனாவால் வரைய ஆசைப்பட்ட நர்சரிக் குழந்தைகளிடம், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களைச் சும்மா வைத்தபோது, பரிசுப் பேச்சே கேட்காத குழந்தைகள் வரைந்ததில் பாதி நேரம்தான் அந்தக் குழந்தைகள் வரைந்தார்கள். அங்கேயும் நட்சத்திரம்தான்.

எட்டுக்கால்:
அது வரைவது. நான் எழுதியது வாசிப்பது. வரைய ஏற்கனவே ஆசை இருந்த பிள்ளைகள் அவர்கள். புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும்? அதே ஆய்வில், முன்னாடி சொல்லாமல் பரிசு கொடுத்த பிள்ளைகளுக்கு ஆசை குறையவே இல்லை. அந்த வரி மட்டும் உங்க கண்ணில் படவில்லையாக்கும்.

காகிதக்கப்பல்:
சுவரில் அட்டவணை ஒட்டி, கட்டம் போட்டு, பத்துக்குப் பொம்மை என்று எழுதி வைப்பது நீங்கள். இதில் சொல்லாமல் கொடுப்பது எங்கே வந்தது?

ஆந்தைக்கண்:
ஸ்டிக்கர் கிடக்கட்டும். வீட்டில் பெரியவங்க யாராவது புத்தகத்தைத் தொடுறாங்களா? ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்துகொண்டு குழந்தையை மட்டும் படி படி என்றால்? பிறந்ததிலிருந்தே வாசித்துக் காட்டுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2014-ல் சொன்னது. எழுத்து தெரியும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை.

மழைத்துளி:
ஆரம்பிச்சுட்டீங்களா? நான் போனில்தான் மின்நூல் படிக்கிறேன். போன தடவையும் இப்படித்தான் என்னைச் சோம்பேறி என்றீர்கள். இன்னும் மறக்கவில்லை.

ஆந்தைக்கண்:
சோம்பேறி என்று நான் சொல்லவே இல்லை. நீங்கள் போனில் என்ன பார்க்கிறீர்கள் என்று ஒரு வயசுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? அவ்வளவுதான் கேட்டேன்.

காகிதக்கப்பல்:
போன் சண்டையை வேற இடத்தில் வையுங்கள். அட்டவணை வந்ததும் குழந்தை என்ன செய்யும் தெரியுமா? மெல்லிய புத்தகமாகப் பொறுக்கும். பக்கத்தைச் சரசரவென்று தள்ளும். நேற்றைய கதையை மறுபடி கேட்காது, அதுக்குக் கட்டம் கிடையாதே. ஆனால் மறுபடி கேட்பதில்தான் விஷயமே இருக்கு. உளவியலாளர் ஜெசிகா ஹோர்ஸ்ட் குழுவினர் 2011-ல் மூன்று வயசுக் குழந்தைகளிடம் பார்த்தார்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் புதுச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். வேறு வேறு கதைகளில் அதே சொற்களைக் கேட்டவர்களுக்கு அந்த அளவு வரவில்லை. மடியில் உட்கார வைத்து, "இந்த நாய் ஏன் ஒளிஞ்சுக்கிச்சு?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டுக் கேட்டு வாசிக்கப் பெற்றோரைப் பழக்கியபோது இரண்டு வயசுப் பிள்ளைகளின் பேச்சு முன்னேறியதை வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளர் 1988-லேயே காட்டிவிட்டார். அங்கே யாரும் பொம்மை ஆசை காட்டவில்லை.

எட்டுக்கால்:
மறுபடி கேட்டாலும் நான் ஸ்டிக்கர் கொடுக்கிறேன். பதிவை முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள். என் பிள்ளை இன்று தானாகப் புத்தகத்தை எடுத்து வருகிறான். உங்க பேனா ஆய்வு அவனுக்குத் தெரியாது.

காகிதக்கப்பல்:
புத்தகத்தோடு ஸ்டிக்கர் தாளையும் சேர்த்து எடுத்து வருகிறானா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

மழைத்துளி:
ஆந்தைக்கண், உங்க பழைய பதிவைத் தேடி எடுத்துவிட்டேன். "சோம்பேறித்தனம்" என்று இருக்கிறது.

ஆந்தைக்கண்:
அது பழக்கத்தைச் சொன்னது, உங்களை இல்லை.

எட்டுக்கால்:
திரும்பவும் சொல்கிறேன், வரைவது வேறு, வாசிப்பது வேறு.

காகிதக்கப்பல்:
கேட்டதுக்குப் பதில் இன்னும் வரவில்லை. ஸ்டிக்கர் தாள் வருகிறதா, இல்லையா?