வலிப்புள்ள பிள்ளைக்கு சிபிடி எண்ணெய் கொடுக்கலாமா? அதுவும் கஞ்சாவும் ஒன்றா?

தங்கச்சிமடத்து அம்மா:
என் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு வயதிலிருந்து வலிப்பு. காலையும் ராத்திரியும் வால்ப்ரோயேட் சிரப் கொடுக்கிறோம், அப்படியும் நிற்கவில்லை. கனடாவில் இருக்கும் கொழுந்தன், "சிபிடி எண்ணெய் அனுப்பவா மதினி" என்கிறார். கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பதாம். நம் கரையில் அடிக்கடி மூட்டை மூட்டையாகப் பிடிபடும் அதையா பிள்ளை வாயில் ஊற்றுவது என்று மாமியார் அழுகிறார். இரண்டும் ஒன்றா, வேறா?

மண்டபம் மருந்தாளுநர்:
செடி ஒன்று, பொருள் வேறு தங்கச்சி. பனையேறி கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாவிட்டால் கள். பாளையில் வடிவது ஒன்றுதானே? அதுபோல இந்தச் செடியிலும் சிபிஜி அமிலம் என்று ஒரு தாய்ப்பொருள் உண்டு. எந்த நொதி அதில் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து அது போதை தரும் டிஎச்சி பக்கமோ சிபிடி பக்கமோ போகும்.

இரண்டிலும் 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். ஓர் அணுகூட கூடக்குறைய இல்லை. டிஎச்சியில் ஒரு வளையம் மூடியிருக்கும், சிபிடியில் அது திறந்து கிடக்கும். மூடியது மூளையின் சிபி1 ஏற்பியில், பூட்டில் சாவி போல, போய் உட்கார்ந்து போதை தரும். திறந்தது அங்கே அப்படிப் பொருந்தாது, அதனால் போதை இல்லை.

2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எபிடியோலெக்ஸ் என்ற மருந்து, சுத்திகரித்த சிபிடி. முதலில் லெனாக்ஸ்-காஸ்டோ, டிராவே என்ற இரண்டு கடுமையான வலிப்பு வகைகளுக்குத்தான் கொடுத்தார்கள். உங்கள் பிள்ளைக்கு எந்த வகை? அதுதான் முதல் கேள்வி.

அப்புறம், வால்ப்ரோயேட்டோடு சிபிடி சேர்ந்தால் ஈரல் என்சைம் ஏறலாம். டாக்டர் பார்க்காமல் ஒரு சொட்டுகூட வேண்டாம். பாட்டிலில் டிஎச்சி இருந்தால் 1985 போதைப்பொருள் சட்டச் சிக்கலும் வரும்.

தொண்டி, வேதியியல் மாணவன்:
அக்கா, லேபிளை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்றால் டிஎச்சியும் கொஞ்சம் இருக்கும். 'டெல்டா-8' என்றால் தொடவே வேண்டாம். அதுவும் டிஎச்சிதான், இரட்டைப் பிணைப்பு மட்டும் ஓரிடம் தள்ளியிருக்கும். போதை குறைவு, ஆனால் உண்டு. சிபிடியையே அமிலம் சேர்த்து அப்படி மாற்றுகிறார்கள்.

தங்கச்சிமடத்து அம்மா:
கொழுந்தனிடம் பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஃபுல் ஸ்பெக்ட்ரம் என்றுதான் போட்டிருக்கிறது. அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை மதுரையில் நரம்பு டாக்டரைப் பார்க்கிறோம். வலிப்பு வந்த நேரமெல்லாம் ஒரு நோட்டில் குறித்திருக்கிறேன் அண்ணே, அதைக் கொண்டு போகவா?

மண்டபம் மருந்தாளுநர்:
கட்டாயம். கடைசியாக எடுத்த ஈரல் ரிப்போர்ட்டையும் பிள்ளையின் எடையையும் அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.