பரு உள்ள முகத்துக்கு ஃபேஷியல் செய்யலாமா?

கவி_ஈரோடு:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 24, சென்னையில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறேன். நெற்றியிலும் தாடையோரத்திலும் பரு மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது, மூக்கைச் சுற்றி ஒரே கரும்புள்ளி. பக்கத்துப் பார்லரில் மாதம் ஒரு ஃப்ரூட் ஃபேஷியல் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அம்மா முல்தானி மெட்டி அனுப்பி, தினமும் போடு என்கிறாள். அதில் எலுமிச்சைச் சாறு கலந்து போடுகிறேன். போட்டதும் எரிகிறது, கழுவியபின் முகம் இழுத்துப் பிடிக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் அக்காவுக்கு வளைகாப்பு. அதற்குள் முகம் கொஞ்சம் தெளிந்தால் போதும். ஃபேஷியலுக்குப் பணம் கட்டலாமா?

சுதா_தஞ்சை:
வேப்பிலையை அரைத்துப் போட்டு, தினமும் ஆவி பிடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் அதுதான் செய்வோம்.

மல்லிகா_பாளையங்கோட்டை:
கவிம்மா, பணம் கட்டாதே. பாளையங்கோட்டையில் சொந்தமாகப் பார்லர் நடத்துகிறவள்தான் இதைச் சொல்கிறேன். சிவந்து வீங்கிய பருவோடு வருகிற பிள்ளைகளுக்கு நான் ஃப்ரூட் ஃபேஷியல் செய்வதே இல்லை.

காரணம் இருக்கிறது. பெயர்தான் பழம். முதலில் குருணை குருணையாக இருக்கும் ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பார்கள், அப்புறம் கொழுப்புச் சத்துள்ள க்ரீமைத் தடவிக் கால் மணி நேரத்துக்கு மேல் மசாஜ், அதன்மேல் ஆவி, கடைசியில் பேக். வறண்ட முகத்துக்கு அது சுகம். பரு உள்ள முகத்தில் அத்தனை அழுத்தம் கொடுத்தால் பரு தோலுக்கு உள்ளேயே உடையும். வெளியே வரவேண்டியது உள்ளே பரவி, தொட்டால் வலிக்கிற கட்டியாகிவிடும். நம் மாநிறத் தோலில் அந்த இடம் கறுத்து, மாதக்கணக்கில் மறையாமல் நிற்கும். ப்ளீச்சிங் பக்கமே போகாதே, அதில் ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் இருக்கிறது.

உன் மூக்கில் இருப்பதற்கு மட்டும் க்ளீனப் செய்துகொள்ளலாம். நான் செய்வது இப்படி: முகம் கழுவி, வெதுவெதுப்பான ஈரத்துண்டைக் கொஞ்ச நேரம் வைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்து, வாய் திறந்த கரும்புள்ளியை மட்டும் வளையக் கம்பியால் மெல்ல எடுப்பேன். ஒரு அழுத்தில் வராததை விட்டுவிடுவேன். சிவந்ததைத் தொடவே மாட்டேன். மசாஜ் கிடையாது. எந்தப் பார்லருக்குப் போனாலும் கம்பியைக் கிருமி நீக்கினார்களா, துண்டு புதிதா என்று கேள். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் உட்காராதே.

மாஸ்க் பற்றி உன் அம்மா சொல்வது பாதி சரி. முல்தானி மெட்டி மேலே இருக்கிற எண்ணெயை உறிஞ்சும், சில மணி நேரம் முகம் பளபளவென்று வழியாமல் இருக்கும். ஆனால் பரு பிறப்பது மேலே இல்லை. மயிர்க்காலின் வாயைச் செத்த தோல் அடைத்து, பின்னால் எண்ணெய் தேங்கி, அதில் கிருமி பெருகித்தான் வீங்குகிறது. மண் அவ்வளவு ஆழம் போகாது. அதனால் வாரத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை, வெறும் தண்ணீரில் குழைத்துப் போடு. ஓரம் வெளுத்து, கன்னத்து நடுவில் விரல் வைத்தால் இன்னும் ஈரம் ஒட்டுகிறதா, அப்போதே கழுவிவிடு. வெடிக்கும் வரை காயவிடுவதால்தான் உனக்கு இழுக்கிறது. உடனே எண்ணெய் சேராத மாய்ஸ்சரைசர் தடவு.

எலுமிச்சையை இன்றே நிறுத்து. தோலின் பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5 பக்கம் இருக்கும், எலுமிச்சை 2 பக்கம். எரியாமல் என்ன செய்யும்? சாறு பட்ட முகத்தோடு வெயிலில் போனால் கறுத்தும் போகும். சுதா, வேப்பிலை சிலருக்கு ஒத்துக்கொள்ளும், முதலில் காதுக்குக் கீழே தடவிப் பார்க்கட்டும். தினம் ஆவி மட்டும் வேண்டாம்மா, சிவந்த முகம் இன்னும் சிவக்கும்.

பருவை உள்ளிருந்து குறைப்பது மருந்துதான். பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், அடாபலின் 0.1 சதவீதம் என்று ஜெல் இருக்கிறது. தோல் டாக்டரைப் பார்த்து வாங்கு. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். வளைகாப்புக்குள் முழுதும் தெளியாது, ஆனால் புதிதாக வருவது குறையத் தொடங்கலாம். நெற்றியில் இருப்பவை எல்லாம் ஒரே அளவில் சின்னச் சின்னதாக, அரிப்போடு இருந்தால் டாக்டரிடம் சொல். அது பருவாக இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறதென்றால் அதையும் மறைக்காமல் சொல்.

ரஃபி_மருந்தகம்:
மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன், ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். தோழி சொன்னாள் என்று சிவப்பழகு க்ரீம் எதுவும் கேட்டு வாங்காதீர்கள் சகோதரி. ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் பரு அமுங்கினது போல இருக்கும், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும், தோலும் மெலியும். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்து, சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்றது. இன்னும் வந்து கேட்கிறார்கள், நான் கொடுப்பதில்லை.

கவி_ஈரோடு:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி ரஃபி அண்ணா. டாக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். ஊருக்குப் போகும் முன் மேலுதட்டில் வேக்ஸ் செய்துகொள்ளலாமா?

மல்லிகா_பாளையங்கோட்டை:
அடாபலின் எழுதிக் கொடுத்தால் முகத்தில் வேக்ஸ் வேண்டாம். தோல் மெழுகோடு உரிந்து வந்துவிடும். எத்தனை நாள் முன்னால் நிறுத்திவிட்டு த்ரெடிங் செய்யலாம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள். அடாபலின் ஜெல்லைப் பட்டாணி அளவு எடுத்து, இரவில், முகம் முழுக்கப் போடு, பருவின் தலையில் மட்டும் வைக்காதே. பகலில் சன்ஸ்க்ரீன் கட்டாயம். பென்சாயில் பெராக்சைடு பட்ட துணி வெளுத்துப் போகும், பட்டுச்சேலை கட்டுகிற அன்று கையை நன்றாகக் கழுவிவிட்டு முந்தானையைத் தொடு. இன்னொன்று, உன் அக்கா மாசமாக இருக்கிறாள் இல்லையா, ஊரில் உன் அடாபலின் ட்யூபை எடுத்து அவள் போட்டுக்கொள்ளக் கூடாது. தனியாக ஒரு டப்பியில் வைத்து, அவளிடம் சொல்லியும் விடு.