வாடகை வீட்டு படிக்கட்டுல விழுந்து கை முறிஞ்சிருச்சு, ஓனர் மேல என்ன நடவடிக்கை எடுக்கலாம்?

மழைத்துளி:

எல்லாருக்கும் வணக்கம். சட்டம் தெரிஞ்சவங்க, இல்ல இதே மாதிரி அனுபவப்பட்டவங்க இருந்தா தயவுசெஞ்சு வழி சொல்லுங்க. நாங்க மாடியில வாடகைக்கு இருக்கோம், மொத்தம் நாலு குடித்தனம், எல்லாருக்கும் பொதுவா ஒரே படிக்கட்டுதான். அதோட இரும்பு கைப்பிடி ரொம்ப நாளா ஆடிக்கிட்டே இருந்துச்சு, அடியில தரையோட சேத்து முடுக்கியிருக்கிற போல்ட்டு துரு ஏறி பாதி அரிச்சே போச்சு, கைய வச்சாலே ஒரு பக்கமா சாயும். என் வீட்டுக்காரர் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்புல அனுப்பினார், "ஆள் அனுப்புறேன்"னு பதிலும் வந்துச்சு, ஆனா யாரும் வரல. போன வாரம் நான் இறங்கும்போது கைப்பிடிய பிடிச்சேன், அப்படியே கழண்டு என் கையோடயே வந்துருச்சு, பாதி படியிலருந்து உருண்டு கீழ விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிஞ்சு பிளேட் வச்சிருக்காங்க. நான் வீட்டுலயே தையல் வேலை பாக்குறவ, இப்ப அந்த வருமானமும் மொத்தமா நின்னு போச்சு.

ஓனர் கிட்ட கேட்டா "நீங்க பாத்து இறங்கியிருக்கணும்"ங்கிறார். அக்ரிமென்ட்ல வேற "வளாகத்துக்குள் ஏற்படும் காயத்துக்கு உரிமையாளர் பொறுப்பல்ல"ன்னு ஒரு வரி இருக்கு. அந்த அக்ரிமென்ட்டும் என் வீட்டுக்காரர் பேர்லதான், என் பேரே அதுல இல்ல. இப்ப ஆஸ்பத்திரி பில்லுல பாதி தரேன், ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டு குடுங்கன்னு கேக்குறார், நாளைக்கு வெல்டர் வந்து புது கைப்பிடி வைக்கிறதாவும் சொல்லியிருக்கார். எந்த நாடுன்னு இங்க போடல, அவங்க தரப்புல யாராவது படிச்சிருவாங்களோன்னு பயமா இருக்கு. பொதுவா என்ன வழி இருக்குன்னு சொன்னா போதும்.

தெற்குவாசல்:

தங்கச்சி, முதல்ல அந்த பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க. பாதி பில்லுக்கு ஆசைப்பட்டு "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்"னு எழுதி குடுத்துட்டா அதோட கதை முடிஞ்சுது.

ரெண்டாவது, நாளைக்கு வெல்டர் வர்றதுக்கு முன்னாடி, இன்னைக்கே போட்டோ வீடியோ எடுத்துருங்க. தூரத்துலருந்து முழு படிக்கட்டு, அப்புறம் பக்கத்துல போய் அந்த அரிச்ச போல்ட்டு, தரையில அது உடைஞ்ச ஓட்டை, எல்லாமே வெளிச்சத்துல தெளிவா இருக்கணும். பக்கத்துல ஒரு ஸ்கேல வச்சு எடுத்தா இன்னும் நல்லது. கழண்டு வந்த கைப்பிடியையும் போல்ட்டையும் பழைய இரும்புன்னு அவங்க எடுத்துட்டு போயிட போறாங்க, அது கேஸுக்கு வேணும், எடுத்துட்டு போகவோ தூக்கி போடவோ வேணாம்னு ஓனருக்கு மெசேஜா எழுதி அனுப்புங்க. ஆனா ரிப்பேர் வேலைய தடுக்காதீங்க, மத்த மூணு வீட்டு ஆளுங்களும் அதே படியிலதான் ஏறி இறங்கணும்.

ஏட்டுச்சுவடி:

நான் விபத்து நஷ்டஈடு கேஸ் எடுக்கிற ஒரு வக்கீல் ஆபீஸ்ல ஃபைல் தயார் பண்ற வேலைல இருக்கேன், நான் வக்கீல் இல்ல, அதனால இத வழிகாட்டலா மட்டும் எடுத்துக்கோங்க சகோதரி. உங்க ஊர் சட்டம் தெரிஞ்ச வக்கீல ஒருத்தர கண்டிப்பா பாக்கணும். ஆனா நாடு எதுவா இருந்தாலும் இந்த மாதிரி கேஸ்ல மூணு கேள்விதான் திரும்ப திரும்ப வரும். அந்த இடம் யார் பொறுப்புல இருந்துச்சு, அது பழுதா இருக்குன்னு ஓனருக்கு தெரியுமா (இல்ல தெரிஞ்சிருக்கணுமா), தெரிஞ்சும் நியாயமான டைம்குள்ள சரி பண்ணாம விட்டாரா. வீட்டுக்குள்ள நீங்க வாங்கி வச்ச ஸ்டூல்ல ஏறி விழுந்தா கேஸ் ரொம்ப வீக். ஆனா பொதுப் படிக்கட்டுங்கிறது எந்த ஒரு குடித்தனக்காரர் கையிலயும் இல்லாத இடம், அத பராமரிக்கிற பொறுப்பு பெரும்பாலும் ஓனர் மேலதான் விழும். உங்க கேஸ்ல ரெண்டாவது கேள்விக்கு அவரே பதில் எழுதி குடுத்துட்டார், "ஆள் அனுப்புறேன்"ங்கிற அந்த ஒரு மெசேஜ்தான் உங்க கையில இருக்கிற பெரிய ஆதாரம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, தேதி தெரியிற மாதிரி மொத்த சாட்டையும் எக்ஸ்போர்ட் பண்ணி ரெண்டு இடத்துல வச்சுக்கோங்க, போன மாத்தாதீங்க.

அக்ரிமென்ட்ல என் பேர் இல்லையேன்னு கேட்டீங்க. இதே பிரச்சனைக்கு இங்கிலாந்துல ஒரு பழைய கேஸ் இருக்கு, 1906ல பிரபுக்கள் சபை (அப்ப அங்க அதுதான் கடைசி மேல்முறையீட்டு கோர்ட்) வரைக்கும் போன கவாலியர் எதிர் போப். சமையலறை தரை மோசமா இருக்கு, சரி பண்ணி தரேன்னு ஓனர் தரப்புல வாக்கு குடுத்துட்டு பண்ணல, அந்த வீட்டம்மா தரை உடைஞ்சு கீழ போய் அடிபட்டாங்க. ஒப்பந்தம் புருஷனோடதான், அதனால அந்தம்மாவுக்கு கேஸ் போட உரிமையே இல்லன்னு தீர்ப்பாயிருச்சு. படிக்கவே ஆத்திரமா வரும். அந்த நிலைமைய அங்க சட்டம் போட்டுதான் மாத்தினாங்க, 1972ல வந்த குறைபாடுள்ள கட்டட சட்டத்தோட 4வது பிரிவுப்படி ரிப்பேர் கடமை உள்ள ஓனர், அந்த பழுதால பாதிக்கப்படலாம்னு எதிர்பார்க்கக்கூடிய எல்லாருக்கும் பொறுப்பு. அதுல குடும்பத்து ஆளுங்க மட்டுமில்ல, வீட்டுக்கு வந்த விருந்தாளியும் அடக்கம். இப்ப நிறைய நாட்டுல இதே போக்குதான், ஒப்பந்தத்துல பேர் இல்லைங்கிறதுக்காக கவனக்குறைவு கேஸ் அப்படியே செத்துராது.

அந்த "பொறுப்பல்ல" வரிய பாத்தும் பயப்படாதீங்க. நான் சொன்ன 1972 சட்டத்துலயே அந்த கடமைய தட்டிக்கழிக்கிற எந்த ஷரத்தும் செல்லாதுன்னு எழுதியிருக்கு. கலிபோர்னியாலயும் வீட்டு வாடகை ஒப்பந்தத்துல ஓனரோட கவனிப்பு கடமைய, அதாவது மத்தவங்களுக்கு அடிபடாம பாத்துக்கிற பொறுப்ப, குடித்தனக்காரர விட்டுக்குடுக்க வைக்கிற ஷரத்து செல்லாது. எல்லா ஊர்லயும் இப்படியேன்னு சொல்ல வரல, ஆனா அந்த வரிய காட்டியே நிறைய பேர வக்கீல் கிட்ட போகவிடாம பண்ணிடறாங்க, அதுதான் எனக்கு வருத்தம்.

காலக்கெடுதான் ரொம்ப முக்கியம், நாங்க நல்ல கேஸ்கள இழக்கிறதே இதுலதான். இங்கிலாந்துல பொதுவா 3 வருஷம், இந்தியாலயும் 1963 காலவரையறை சட்டப்படி இந்த மாதிரி கேஸுக்கு 3 வருஷம், கலிபோர்னியா, கனடாவோட ஒன்டாரியோ மாகாணம் ரெண்டுலயும் 2 வருஷம். ஆனா அதுக்குள்ள சின்ன சின்ன நோட்டீஸ் கெடு ஒளிஞ்சிருக்கும். ஒன்டாரியோல பனியில வழுக்கி விழுந்தா 60 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும். அரசு வீடு, மாநகராட்சி வீடுன்னா இன்னும் கவனம், நியூயார்க்ல பொது வீட்டுவசதி நிர்வாகம் மேல கேஸ் போட 90 நாளுக்குள்ள நோட்டீஸ் போயாகணும், கலிபோர்னியால அரசு அமைப்புன்னா 6 மாசம். அதனால கை ஆறட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு மட்டும் இருக்காதீங்க.

நிலாமுற்றம்:

ஏட்டுச்சுவடி அண்ணா சொன்னதோட ஒரு விஷயம் சேத்துக்கிறேன். "பாத்து இறங்கியிருக்கணும்"னு ஓனர் சும்மா சொல்லல, உங்க மேலயும் தப்பு இருக்குன்னு காட்டி தொகைய குறைக்கிற வழி அது. நிறைய இடத்துல உங்க பங்கு தப்பு எவ்வளவோ அந்த அளவுக்கு நஷ்டஈட்ட குறைச்சுட்டு மிச்சத்த குடுப்பாங்க. ஆனா அமெரிக்கால மேரிலாந்து, வர்ஜீனியா மாதிரி சில மாநிலத்துல உங்க பக்கம் கொஞ்சம் கவனக்குறைவு இருந்தாலே ஒண்ணுமே கிடைக்காம போகலாம். ஆடுதுன்னு தெரிஞ்சே ஏன் பிடிச்சீங்கன்னு கேப்பாங்க, வேற படிக்கட்டே இல்ல, இறங்க அது ஒண்ணுதான் வழிங்கிறத மறக்காம சொல்லுங்க. அவர் கிட்ட போன்ல பேசும்போது வாய் தவறி கூட "நானும் கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்"னு சொல்லிடாதீங்க, சமாதானத்துக்காக சொல்ற வார்த்தைய அப்படியே பிடிச்சுக்குவாங்க.

என் தம்பி வாடகை வீட்டுல பாத்ரூம் சீலிங் இடிஞ்சு விழுந்து தோள்பட்டை போச்சு. அவனோட கேஸ்ல ரொம்ப உதவினது ரெண்டு விஷயம். ஒண்ணு, முதல் நாள் ஆஸ்பத்திரில டாக்டர் கிட்ட எப்படி அடிபட்டுச்சுன்னு அவன் சொன்னத அவங்க சீட்டுல எழுதியிருந்தாங்க, "வீட்டு சீலிங் விழுந்து"ன்னு. உங்க சீட்டையும் எடுத்து பாருங்க, வெறும் "கீழே விழுந்தார்"னு இருந்தா கைப்பிடி கழண்டதையும் சேத்து எழுத முடியுமான்னு அடுத்த செக்கப்புல டாக்டர் கிட்டயே கேளுங்க. ரெண்டாவது, அவன் பொண்டாட்டி ஒரு நோட்டுல தினமும் எழுதினா, இன்னைக்கு சட்டை பட்டன் போட முடியல, இன்னைக்கு வலி மாத்திரை ரெண்டு, இன்னைக்கு இந்த வேலை கை விட்டு போச்சுன்னு. வலிக்கு பில்லு கிடையாது, இந்த மாதிரி எழுத்துதான் அதுக்கு சாட்சி.

உங்க தையல் வருமானத்துக்கும் கணக்கு எடுங்க. ஆர்டர் நோட்டு, கஸ்டமர் மெசேஜ், பணம் வந்த பேங்க் வரவு, இப்ப திருப்பி அனுப்பின துணிங்க யாரோடதுன்னு எல்லாம். மாச சம்பளக்காரங்களுக்கு சம்பள ஸ்லிப் ஒண்ணு போதும், வீட்டுல வேலை பாக்குற பொம்பளைங்களோட உழைப்ப கணக்குலயே சேக்க மாட்டேங்குறாங்க, நம்மதான் காகிதத்த முன்னாடி வைக்கணும்.

கரைவேட்டி:

எல்லாரும் கேஸ் கேஸுன்னு சொல்றீங்க, அதே வீட்டுலதான அவங்க இருந்தாகணும். ஓனர் கிட்ட பக்குவமா பேசி முழு பில்ல வாங்கிட்டு விட்டுர்றது நிம்மதின்னு எனக்கு தோணுது. கோர்ட்டுன்னா வருஷக்கணக்குல அலையணும்மா.

ஏட்டுச்சுவடி:

கரைவேட்டி ஐயா, பேசி முடிக்கிறது தப்பே இல்ல, நிறைய கேஸ் கோர்ட் படி ஏறாமதான் முடியுது. ஆனா எப்ப முடிக்கிறோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. மணிக்கட்டுல பிளேட் வச்சவங்களுக்கு அப்புறம் பிசியோதெரபி இருக்கு, சில பேருக்கு பிளேட்ட எடுக்க இன்னொரு ஆபரேஷன், விரல் பழைய மாதிரி மடங்குமா ஊசி பிடிக்க வருமாங்கிறது மாசம் போனாதான் தெரியும். இனி இவ்வளவுதான் தேறும்னு டாக்டர் சொல்ற நிலைக்கு வர்றதுக்கு முன்னாடி முடிச்சுட்டா மிச்ச செலவு முழுக்க அவங்க தலையில. ஓனர் கிட்ட கட்டட இன்சூரன்ஸ் இருக்கான்னும் கேளுங்க, நிறைய நாட்டுல அதுல மத்தவங்களுக்கு அடிபட்டா குடுக்கிற பொறுப்பு காப்பீடும் சேந்தே இருக்கும், அப்படி இருந்தா பணம் அவர் பாக்கெட்லருந்து போகாது, அவருக்கும் பேச்சு சுலபமாகும். ஆனா இன்சூரன்ஸ்காரங்க போன் பண்ணி உங்க வாக்குமூலத்த ரெக்கார்ட் பண்றோம்னு சொன்னா, வக்கீல் கிட்ட கேட்டுட்டு பேசுறேன்னு சொல்லி வச்சுருங்க.

மழைத்துளி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, ரெண்டு நாளா சரியா தூக்கமே இல்ல, இப்பதான் கொஞ்சம் தெம்பா இருக்கு. போட்டோ வீடியோ எல்லாம் எடுத்தாச்சு, உடைஞ்ச போல்ட்டோட அடிப்பாகம் தரையிலயே நிக்குது, அதையும் கிட்ட போய் எடுத்திருக்கோம், பழச எடுத்துட்டு போக வேணாம்னு ஓனருக்கும் எழுதி அனுப்பியாச்சு. கீழ் வீட்டு அக்காவும் கைப்பிடி ஆடினத பத்தி அவங்களும் ஓனர் கிட்ட சொன்னதா சொல்றாங்க. இன்னும் ரெண்டு சந்தேகம். இவர் பணம் தர்ற வரைக்கும் வாடகைய நிறுத்தி வைக்கலாமா? வீட்ட காலி பண்ண சொல்லிட்டா என்ன பண்றது?

ஏட்டுச்சுவடி:

வாடகைய மட்டும் நிறுத்தாதீங்க சகோதரி, கோபம் வர்றது நியாயம்தான், ஆனா நீங்களா நிறுத்தினா வாடகை பாக்கின்னு காலி பண்ண வைக்க அவருக்கு காரணம் கிடைச்சுரும். சில சட்டத்துல ரிப்பேர நீங்களே பண்ணி வாடகையில கழிக்க வழி இருக்கு, இந்தியால 1882 சொத்து மாற்ற சட்டம் 108வது பிரிவுல ஓனர் செய்ய வேண்டிய ரிப்பேர நோட்டீஸ் குடுத்தும் செய்யலன்னா அப்படி கழிக்கலாம், ஆனா அது ரிப்பேர் செலவுக்குதான், கை முறிஞ்ச நஷ்டஈட்டுக்கு இல்ல. வழக்கம்போல பேங்க் வழியா கட்டுங்க, ரசீது இருக்கட்டும். புகார் குடுத்ததுக்காக பழிவாங்கி காலி பண்ண சொல்றத நிறைய இடத்துல சட்டமே தடுக்குது, அவர் அப்படி எதுவும் சொன்னா வாய்ப்பேச்சா விடாம "நீங்க இன்னைக்கு இப்படி சொன்னீங்க"ன்னு அன்னைக்கே மெசேஜ்ல எழுதி அனுப்பிருங்க.

கீழ் வீட்டு அக்கா சாட்சி ரொம்ப பெருசு. அவங்க எப்ப சொன்னாங்க, என்ன பதில் வந்துச்சுன்னு அவங்க வார்த்தையிலயே எழுதி தேதி போட்டு கையெழுத்து வாங்குங்க, நாளைக்கு அவங்க வீடு மாறிட்டா தேடி பிடிக்கிறது கஷ்டம். வக்கீல் பீஸுக்கு பயந்து தள்ளி போடாதீங்க, இலவச சட்ட உதவி மையம் இருக்கான்னு விசாரிங்க, சில நாட்டுல ஜெயிச்சா மட்டும் பீஸ் வாங்குற முறையும் உண்டு. போகும்போது சாட் பிரிண்ட், போட்டோ, ஆஸ்பத்திரி சீட்டு, பில்லுங்க, அக்ரிமென்ட் காப்பி, வருமான கணக்கு எல்லாம் ஒரே ஃபைல்ல தேதி வாரியா அடுக்கி எடுத்துட்டு போங்க, முதல் நாளே காலக்கெடு எப்ப முடியுதுன்னு கேட்டு அந்த தேதிய எழுதி வாங்கிக்கோங்க.

தெற்குவாசல்:

வெல்டர் வரும்போது உங்க வீட்டுக்காரர பக்கத்துல நிக்க சொல்லுங்க தங்கச்சி. தரையில நிக்கிற அந்த போல்ட்டு துண்ட எப்படியும் வெட்டிதான் எடுப்பாங்க, வெட்டுறத வீடியோ எடுத்துட்டு அந்த துண்டையும் பழைய கைப்பிடியோட சேத்து ஒரு கவர்ல போட்டு வைக்க சொல்லுங்க.