ஆர்டர் கொறஞ்ச நேரத்துல ட்ரெயினிங் பட்ஜெட்ட ஜீரோ பண்ணச் சொல்றாங்க, எதை விடலாம் எதை விடக்கூடாது?

ஓசூர்_ட்ரெயினிங்_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். ஓசூர் பக்கம் ஒரு ஆட்டோ காம்பொனென்ட் கம்பெனில ட்ரெயினிங் பாத்துக்கறேன். மெஷினிங்தான் மெயின், உலோகத்த கடைஞ்சு செதுக்கற வேலை, கம்ப்யூட்டர்ல ஓடற சிஎன்சி டர்னிங், விஎம்சி, கொஞ்சம் கிரைண்டிங். எக்ஸ்போர்ட் ஆர்டர் பல மாசமா எறங்கிட்டே வருது, மூணாவது ஷிஃப்ட நிறுத்தியாச்சு, ரெண்டாவது ஷிஃப்ட்லயும் பாதி மெஷின் சும்மா நிக்குது. போன வாரம் காஸ்ட் ரிவ்யூ மீட்டிங்ல ஃபைனான்ஸ் போட்ட லிஸ்ட்ல மொத லைனே ட்ரெயினிங்தான், "இந்த வருஷம் ஜீரோ பண்ணிடுங்க, நெலம சரியானா பாத்துக்கலாம்"னு சொல்லிட்டாங்க.

அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியல, சம்பளம் போடவே கணக்குப் பாக்கற நேரம். ஆனா எனக்கு மனசு ஒப்பல. ஆர்டர் ஃபுல்லா ஓடறப்ப ரெண்டு மணி நேரத்துக்கு ஆள அனுப்புங்கன்னு கேட்டா லைன் இன்சார்ஜ் சண்டைக்கு வருவார், இப்பதான் ஆளுங்க கையில நேரம் இருக்கு, இப்ப போயி நிறுத்துங்கன்னா எப்படி? வெளில இருந்து ஃபேகல்டி கூப்பிட்டு ஹோட்டல்ல நடத்தற ப்ரோக்ராம் எல்லாம் போனா போகட்டும், அதுல எனக்கு வருத்தம் இல்ல. இதுக்கு முன்னாடி டல்லு வந்தப்ப உங்க கம்பெனில எல்லாம் என்ன பண்ணாங்க, ஃபைனான்ஸ் கிட்ட எப்படிப் பேசினீங்க? அப்ரன்டிஸ் எடுக்கறதையும் நிறுத்தச் சொல்றாங்க, அதப்பத்தியும் சொல்லுங்க.

பழைய_டூல்ரூம்:

ஏம்மா, நல்ல நேரத்துல கேட்டிருக்க. நான் அம்பத்தூர்லயும் ஸ்ரீபெரும்புதூர்லயும் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், இந்த மாதிரி டல்லு ரெண்டு மூணு பாத்தாச்சு. 2008 செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ் கவுந்ததுன்னு டீவில சொன்னப்ப அதுக்கும் நம்ம லேத்துக்கும் என்ன சம்பந்தம்னு இருந்தோம், தீபாவளி முடிஞ்ச கையோட கஸ்டமர் ஷெட்யூல் பாதியாயிடுச்சு. அப்புறம் 2019, அது இன்னும் கிட்டக்க வந்து அடிச்சது, அந்த செப்டம்பர்ல அசோக் லேலண்டே எண்ணூர்ல 16 நாளு, உங்க ஓசூர்ல 5 நாளு வேலையில்லா நாள்னு அறிவிச்சாங்க, பெரிய கம்பெனி நின்னா அவங்களுக்கு பார்ட் குடுக்கற நம்ம கதி என்னன்னு கேக்கணுமா.

2008ல டொயோட்டா அமெரிக்காவுல என்ன பண்ணான்னு எங்க பிளான்ட் ஹெட் அப்ப அடிக்கடி சொல்வார். பெட்ரோல் விலை ஏறி பெரிய ட்ரக் விக்காம போச்சு, டெக்சாஸ்ல சான் அன்டோனியோ பிளான்ட், இந்தியானால பிரின்ஸ்டன் பிளான்ட், ரெண்டுலயும் ட்ரக் லைன மூணு மாசம் நிறுத்தினான். ஆனா பர்மனென்ட் ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பல, சுமார் 4,500 பேர சம்பளத்தோட உள்ள வச்சு ட்ரெயினிங், கைசன்ங்கற சின்னச் சின்ன மேம்பாடு, லைன் சீரமைப்புன்னு வேலை வாங்கினான். அவன்கிட்ட பணம் இருந்துச்சு பண்ணான், நம்மகிட்ட எங்கன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு கணக்கு இருக்கு, எழுதிக்க. ஒரு வருஷம் சர்வீஸ் முடிச்ச ஆளுக்கு லே-ஆஃப் குடுத்தா, அதாவது வேலை இல்லன்னு கொஞ்ச நாள் வீட்டுல உக்கார வச்சா, பேசிக், டிஏ ரெண்டுலயும் பாதிய சும்மா குடுத்தாகணும், அம்பது பேருக்கு மேல இருக்கற ஃபேக்டரிக்கு சட்டமே அதான். ஆக அந்தாள உள்ள வச்சு கத்துக்குடுத்தா கூட ஆகற செலவு மீதிப் பாதிதான், முழு சம்பளத்தையும் ட்ரெயினிங் செலவுன்னு எழுதிக் காட்டறது தப்பு.

எதைக் கத்துக்குடுக்கறதுன்னு கேட்டா மொதல்ல உன் ஸ்கில் மேட்ரிக்ஸ எடுத்துப் பாரு, யாருக்கு எந்த மெஷின் எவ்வளவு தெரியும்னு காட்டற சார்ட். செவுத்துல ஒட்டியிருக்கும், கால்வட்டம் அரைவட்டம்னு கருப்படிச்சு. எல்லா மெஷின்லயும் ஆபரேட்டர் அரைவட்டத்துல நிப்பான், முழுவட்டம் மெஷின வேலைக்குத் தயார் பண்ணிக் குடுக்கற ரெண்டே ரெண்டு செட்டருக்குத்தான் இருக்கும், அந்த ரெண்டு பேருல ஒருத்தன் அக்கா கல்யாணம்னு ஊருக்குப் போனா அன்னிக்கு பாதி மெஷின் செட்டிங்குக்காக நிக்கும். நாங்க 2019ல அததான் ஒடச்சோம். நின்னுட்டு இருந்த டர்னிங் சென்டர்ல ரிஜெக்ட் ஆன ஃபோர்ஜிங்க மாட்டி, ஆபரேட்டர் பசங்களயே பீஸப் புடிக்கற சாஃப்ட் ஜா போர் பண்ண வச்சு, வெட்டற இன்சர்ட் மாத்தி ஆஃப்செட்ங்கற அளவுத் திருத்தம் போட வச்சு, துளை அளக்கற போர் கேஜ ரிங்ல ஜீரோ வச்சு மொத பீஸ அவனே அளந்து கையெழுத்து போடற வரைக்கும் விட்டோம். மொதல்ல எவனுமே ஆஃப்செட் பட்டன தொட மாட்டான், தப்பா போட்டா டூல் மாட்டின டரட் போயி பீஸப் புடிக்கற சக்குல மோதும்னு பயம், பக்கத்துல செட்டர நிறுத்தி சிங்கிள் பிளாக்ல ஒவ்வொரு லைனா ஓட்டிக் காமிச்சப்புறம்தான் கை வந்துச்சு. வெளி ஆளுக்கு ஒத்தப் பைசா குடுக்கல. அடுத்த ஏப்ரல்ல வண்டிப் புகைக்கான புது விதி பிஎஸ்-6 வந்து டிராயிங்ல அளவுக்கு விடற டாலரன்ஸ் எல்லாம் இறுகினப்ப இந்தப் பசங்கதான் தாங்கினாங்க.

ஆடிட்_ரிப்போர்ட்:

பெரியவர் சொன்னதோட இதையும் சேத்துக்கங்க மேடம். மந்தம் வந்தா எல்லா ட்ரெயினிங்கும் ஒரே மாதிரி விழாது. பிரிட்டன்ல 1990கள் ஆரம்பத்துல வந்த ரிசெஷன ஃபெல்ஸ்டெட், க்ரீன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நோண்டிப் பாத்தாங்க, ட்ரெயினிங் மொத்தமா சரிஞ்சிருக்கும்னு எதிர்பாத்த எடத்துல அவ்வளவு சரியல, காரணம் என்னன்னா சட்டத்துக்காக, சேஃப்டிக்காக, கஸ்டமர் கேக்கற குவாலிட்டி ஸ்டாண்டர்டுக்காக பண்ணியே ஆகவேண்டியது ஒரு தரை மாதிரி கீழ நின்னு தாங்கிருக்கு. 2008க்கு அப்புறமும் இதே குழு திரும்பப் பாத்தப்ப நெறைய கம்பெனிங்க நிறுத்தறதுக்கு பதிலா உள்ளாளையே ட்ரெயினரா ஆக்கறது, நாள் கணக்க கொறைக்கறது, வெளியூர் அனுப்பறதுக்கு பதிலா உள்ளயே நடத்தறதுன்னு மாறியிருந்தாங்க.

உங்க கம்பெனியோட தரை எதுன்னு பாருங்க. ஆட்டோ பார்ட் கம்பெனிங்களுக்கான குவாலிட்டி ஸ்டாண்டர்ட் ஐஏடிஎஃப் 16949 சர்டிபிகேட் இருந்தா ஆளோட திறமைக்கு ரெக்கார்ட் காட்டியாகணும், வேலை மாத்திப் போட்ட ஆளுக்கு ஆன் தி ஜாப் ட்ரெயினிங் குடுத்ததுக்கும் காட்டணும். மூணு ஷிஃப்ட் ரெண்டாகி ஆளுங்கள லைன் மாத்திப் போட்டிருப்பீங்க, ஆடிட்டர் மொதல்ல வந்து நிக்கற எடமே அதான். ஃபோர்க்லிஃப்ட், கிரேன், ஃபயர், ஃபர்ஸ்ட் எய்டு இதெல்லாம் பேச்சுக்கே எடுக்காதீங்க. ஃபைனான்ஸ் கிட்ட "ட்ரெயினிங் வேணும்"னு போனா வெட்டுவாங்க, "இத நிறுத்தினா ஆடிட்ல மேஜர் என்சின்னு பெரிய குறை எழுதுவாங்க, சர்டிபிகேட்டுக்கே சிக்கல் வரும், கஸ்டமருக்கு பதில் சொல்லணும்"னு போனா கேப்பாங்க.

பென்ச்ல_இருந்தவன்:

நான் ஐடி, சோழிங்கநல்லூர். உங்க கேள்விக்கு நேரடி பதில் இல்ல, ஆனா எங்க பக்கம் நடந்தத சொல்லணும்னு தோணுது ஏன்னா இதே வழில உங்களையும் தள்ளுவாங்க. 2023-24ல ப்ராஜெக்ட் கொறஞ்சப்ப ஆஃபர் லெட்டர் வாங்கின பசங்க மாசக்கணக்குல ஜாயினிங் டேட்டுக்காக காத்திருந்தாங்க, உள்ள இருந்த எங்களுக்கு கிளாஸ்ரூம் ட்ரெயினிங்க எடுத்துட்டு ஆன்லைன் கோர்ஸ் லைசென்ஸ் வாங்கிக் குடுத்துட்டு வாரத்துக்கு இத்தன மணி நேரம் முடிச்சே ஆகணும்னு டார்கெட் வச்சாங்க. டேஷ்போர்டு எல்லாம் பச்சை. என் பக்கத்து சீட்டுல ஒருத்தர் வீடியோவ டபுள் ஸ்பீடுல ம்யூட்ல ஓடவிட்டு இன்னொரு ஸ்க்ரீன்ல ரெஸ்யூமே தயார் பண்ணிட்டு இருந்தாரு, அவர குறை சொல்லமாட்டேன், எப்ப பேர் லிஸ்ட்ல வரும்னு தெரியாத ஆளு வேற என்ன பண்ணுவாரு. படிச்சத போட்டுப் பாக்க ஒரு சின்ன இன்டர்னல் ப்ராஜெக்ட் குடுத்திருந்தா கூட நெலைமை வேற.

அதனால மேடம், மெஷின் வேலைய வீடியோல கத்துக்குடுக்கலாம்னு யாராவது சேல்ஸ் ஆள் வந்தா வேண்டாம்னுடுங்க. டிராயிங் குறியீடு படிக்கற ஜிடி அண்ட் டி, அளவெடுக்கற மெட்ராலஜி, ஸ்டேட்டிஸ்டிக்ஸ் மாதிரி தியரிக்கு காசு குடுத்து லைசென்ஸ் வாங்கவே தேவையில்ல, என்பிடெல்ங்கற ஆன்லைன் பாடத் தளத்துல ஐஐடி ப்ரொஃபசர்ங்க எடுத்த கிளாஸ் இலவசமாவே கெடக்கு, சர்டிபிகேட் வேணுங்கறவங்க மட்டும் எக்ஸாம் ஃபீஸ் கட்டினா போதும்.

செட்டர்_பையன்:

நான் ஷாப் ஃப்ளோர்ல இருக்கறவன், எங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க. டல்லு டைம்ல ட்ரெயினிங்னு கூப்பிட்டாலே எங்களுக்கு வயித்துல புளியக் கரைக்கும், ஏன்னா நான் முன்னாடி இருந்த கம்பெனில நாலு மெஷின் ஓட்டக் கத்துக்குடுத்தாங்க, எல்லாரும் ஆர்வமா கத்துக்கிட்டோம், அடுத்த மாசமே மெஷினுக்கு ஒருத்தன்னு இருந்தத ரெண்டு மெஷினுக்கு ஒருத்தன்னு ஆக்கி மீதிப் பேர அனுப்பிட்டாங்க, கிரேடும் ஏத்தல சம்பளமும் ஏத்தல. அப்புறம் எவன் மனசு விட்டு கத்துக்குவான்? செட்டர் ஆபரேட்டருக்கு கத்துக்குடுக்க மாட்டேங்கறான்னு மேனேஜர்ங்க திட்டுவாங்க, ஏன் மாட்டேங்கறான்னு யாரும் கேக்கறதில்ல, கத்துக்குடுத்தா தன் எடம் போயிடும்னு பயம் அவ்வளவுதான்.

இன்னொண்ணு கான்ட்ராக்ட் பசங்க. ஆள் கொறைக்கறப்ப மொதல்ல போறதும் அவங்க, ட்ரெயினிங் லிஸ்ட்ல பேரே இல்லாததும் அவங்க. ரெண்டு மூணு வருஷம் அதே மெஷின்ல நின்னவனா இருந்தாலும் அவனுக்கு என்ன தெரியும்னு ஒரு காகிதம் கூட கையில இல்லாம வெளில போறான். ட்ரெயினிங் குடுத்தா லெட்டர்ஹெட்ல இன்ன மெஷின் இன்ன லெவல்னு எழுதிக் குடுங்க அக்கா, அதுக்கு செலவு ஒண்ணும் ஆகாது.

ஜூரோங்_தமிழன்:

சிங்கப்பூர்ல இருந்து எழுதறேன், பிரசிஷன் இன்ஜினியரிங் கம்பெனி. தம்பி சொன்ன பயம் இங்கயும் உண்டு, ஆனா இங்க அரசாங்கம் நடுவுல வந்துச்சு. 2008 டிசம்பர்ல ஸ்பர்னு ஒரு திட்டம், ரெண்டு வருஷத்துக்கு 60 கோடி வெள்ளி, கோர்ஸ் ஃபீஸ்ல 90% வரைக்கும் சப்சிடி, ஆள் கிளாஸுக்குப் போற நேரத்து சம்பளத்துலயும் பெரும்பகுதிய கம்பெனிக்குத் திருப்பிக் குடுத்தாங்க, அதுக்கு இங்க ஆப்சென்டீ பேரோல்னு பேரு. ஆள நிறுத்தறத விட படிக்க அனுப்பறது லாபம்னு ஆச்சு. எங்க லைன்ல இருந்த மலாய்க்கார அண்ணன் ஒருத்தர் பள்ளிக்கூடத்தோட நின்னவரு, அந்த சமயத்துலதான் பீஸோட அளவ துல்லியமா எடுக்கற சிஎம்எம் மெஷின ஓட்டப் படிச்சாரு, இன்னிக்கு இன்ஸ்பெக்ஷன் ரூமே அவர் கையில. பின்னால ஸ்கில்ஸ்ஃபியூச்சர்னு இன்னொரு அரசாங்கத் திட்டம் வந்து பணத்த தொழிலாளி பேர்லயே போட ஆரம்பிச்சாங்க, 25 வயசு தாண்டின குடிமக்களுக்கு 500 வெள்ளி, 2024 மே மாசம் 40 வயசு தாண்டினவங்களுக்கு இன்னும் 4,000. கம்பெனி மாறினாலும் அது அவன்கூடவே போகும்.

ஜெர்மனிலயும் 2009ல இதே மாதிரிதான், வேலை நேரத்த கொறச்ச கம்பெனிக்கு சோஷியல் செக்யூரிட்டி பங்குல பாதிய அரசாங்கம் திருப்பிக் குடுத்துச்சு, அந்த நேரத்துல ட்ரெயினிங்கும் குடுத்தா முழுசையும் குடுத்துச்சு.

ஓசூர்_ட்ரெயினிங்_அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லே-ஆஃப் கணக்கு எனக்குத் தோணவே இல்ல, இன்னிக்கே பேரோல்ல உக்காந்து போட்டுப் பாக்கறேன். செட்டர் தம்பி, நீங்க சொன்னத அப்படியே மீட்டிங்ல வைக்கப்போறேன், கத்துக்குடுக்கற செட்டருக்கு ட்ரெயினர் அலவன்ஸ் ஒண்ணும், கத்துக்கிட்ட ஆளுக்கு லெவல் லெட்டரும் இல்லாம ஆரம்பிக்க மாட்டேன்னு. கான்ட்ராக்ட் பசங்களையும் சேத்துத்தான் லிஸ்ட் போடறேன். ஹோட்டல் ப்ரோக்ராம், லீடர்ஷிப் வொர்க்ஷாப் எல்லாத்தையும் நானே அடிச்சுட்டேன்.

பெரியவரே, அப்ரன்டிஸ் விஷயத்துக்கு மட்டும் பதில் வரல.

பழைய_டூல்ரூம்:

அத கண்டிப்பா நிறுத்தாதம்மா. மொதல்ல சட்டம், 30 பேருக்கு மேல இருக்கற கம்பெனி மொத்த ஆளுல 2.5%ல இருந்து 15% வரைக்கும் அப்ரன்டிஸ் எடுத்தாகணும், ஜீரோங்கற பேச்சுக்கே எடமில்ல. என்ஏபிஎஸ்ங்கற அப்ரன்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்துல பதிஞ்சா ஸ்டைபண்ட்ல 25%, மாசம் 1,500 ரூபா வரைக்கும் மத்திய அரசு குடுக்குது. 15%ல எடுத்துட்டு இருந்தா கீழ எறக்கிக்க, ஆனா நிறுத்தாத.

2008 டிசம்பர்ல நாங்க நிறுத்தினோம், என் பேச்சு எடுபடல. 2009 பாதிலயே வண்டி விக்க ஆரம்பிச்சுடுச்சு, 2010ல ஷெட்யூல் எங்க கைய மீறிப் போச்சு, ஐடிஐ முடிச்சு ரெண்டு வருஷம் எங்க மெஷின்லயே வளந்த பையன் ஒருத்தன் கூட கையில இல்ல. பக்கத்து கம்பெனில இருந்து கூட சம்பளம் குடுத்து செட்டர இழுத்தோம், அவங்க எங்ககிட்ட இருந்து இழுத்தாங்க, அந்த ஒரு வருஷத்துல ஜாஸ்தியா குடுத்த சம்பளத்துல நாலு பேட்ச் அப்ரன்டிஸ வளத்திருக்கலாம். ஃபைனான்ஸுக்குக் குடுக்கற கணக்கு ஷீட்டுல இதுக்கு தனியா ஒரு கட்டம் போடு, இன்னிக்கு வெளில இருந்து ஒரு செட்டர எடுக்க என்ன சம்பளம் கேக்கறான், அவன் உங்க மெஷினப் பழக எத்தன மாசம் ஆகுதுன்னு உன் ஹெச்ஆர் கிட்டயே கேட்டு எழுது. ஃபைனான்ஸ்காரர் அந்தக் கட்டத்ததான் முதல்ல பாப்பார்.